ஆற்றங்கரையில் அரசர்கள்

மாஸ்கோவில் மாஸ்க்வா ஆற்றோரம் 98 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது மகா பீட்டரின் நினைவுச்சின்னம். சுராப் செரெத்தெலி வடித்தது, 1997இல் நிறுவினார்கள். தலைநகரையே பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோன மன்னருக்கு இங்கே எதற்கு இவ்வளவு பெரிய சின்னம் என்று நகரவாசிகள் அன்றே கொதித்தார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். 2010இல் மேயர் லுஷ்கோவ் பதவியிழந்தபோது அதை அகற்றும் பேச்சு எழுந்தது. அப்படியே ஓய்ந்தும் போனது.

கல்லணையிலும் யானைமேல் கரிகாலன் சிலை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் கண் போவது காவிரிக்குக் குறுக்கே வளைந்து கிடக்கும் அணையின் மீதுதான். ஜொகூர் பாருவில் சுல்தான் அபு பாக்காரின் பெயரைத் தாங்கி, நீரிணையைப் பார்த்து நிற்பது 1900இல் கட்டி முடித்த பள்ளிவாசல். தொழ வருகிறவர்களுக்கான இடம் அது. இவைதான் என் மனத்துக்கு ஒப்பான நினைவுச்சின்னங்கள்.

நம் ஜொகூரின் ஸ்கூடாய் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இதன் நீரை எடுத்தது. 2011 ஆகஸ்ட் 31இல் ஒப்பந்தம் முடிந்து, இங்கிருந்த சுத்திகரிப்பு நிலையம் ஜொகூர் கைக்கு வந்தது. இரண்டு நாடுகளின் தாகம் தீர்த்த ஆற்றில், பெருமழை ஓய்ந்த மறுநாள் பாலத்தூண்களில் நெகிழிப் பைகளும் வாழைத்தண்டும் சிக்கிக் கிடக்கின்றன. கரையில் எந்த ஆட்சியாளர் பெயரைப் பொறிக்க நினைத்தாலும், முதல் வெள்ளி இந்த நீரைச் சுத்தப்படுத்தவே செலவாகட்டும்.