மாடியில் ஆப்பிள் காய்க்குமா?

பௌர்ணமி கிரிவலம் முடித்துத் திரும்பும் வழியில் செடி வண்டியைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். “நம்ம திருவண்ணாமலை வெயிலுக்கும் காய்க்கும்மா” என்று ஆப்பிள் கன்றை நீட்டுவார் வியாபாரி. பேரப்பிள்ளைக்கு மாடியிலேயே பழம் பறித்துக் கொடுக்கும் ஆசையில் பணமும் கைமாறிவிடும். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியும் இலை மட்டுமே மிஞ்சினால் மனசு வலிக்காதா?

ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் அவசியம். இலையை உதிர்த்துவிட்டு, சுமார் 7 டிகிரிக்குக் கீழான குளிரில் போதுமான நேரம் உறங்கி எழுந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். ரெட் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு இது ஏறக்குறைய 1,000 மணி நேரம். அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ல் இமாசலப் பிரதேசத்தின் கோட்கரில் இந்த ரகத்தை நட்டு வெற்றி பெற்றார் என்றால், அந்த மலைக்குளிர் கைகொடுத்ததுதான் காரணம். நமக்கோ தீபத் திருநாள் இரவுகூட அவ்வளவு குளிர்வதில்லை. தமிழ்நாட்டில் ஆப்பிளுக்குத் தோதான இடம் கொடைக்கானல் மாதிரி உயரமான மலைதான்.

அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்கள் உண்டு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸில் கிடைத்த டார்செட் கோல்டன், இமாசலத்தின் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 ஆகியவை அந்த வகை. ஹரிமன் சர்மாவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குளிரே இல்லாத இந்தோனேசியாவின் பத்து நகரில், அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டு மரத்தைப் பூக்க வைக்கிறார்கள்.

வாங்கும் முன் ரகத்தின் பெயரையும், ஒட்டுக்கன்றா என்பதையும் கேளுங்கள். விதையில் முளைத்த கன்று தாய் மரத்தைப் போலக் காய்க்காது. அன்னா வைத்தால் பக்கத்தில் டார்செட் கோல்டனும் இருக்கட்டும். மகரந்தம் மாறினால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் தேங்காத மண், சித்திரை வெயிலில் பிற்பகல் நிழல், இரண்டும் முக்கியம். காய்த்தால் இழுக்காமல், தூக்கித் திருகி, காம்போடு பறியுங்கள்.

கடையில் வாங்கிய பழத்துக்கும் பக்குவம் தேவை. அடிபட்டதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்று அழுகினால் மற்றவையும் கெடும். மீதியைக் கழுவாமல் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் பழுக்கடித்துவிடும் என்பதால் இரண்டையும் தள்ளியே வையுங்கள்.

ஆசைக்கு ஓர் ஆப்பிள் கன்று போதும். குழந்தைகள் நிச்சயமாகப் பழம் பறிக்க, பக்கத்திலேயே ஒரு கொய்யாவும் சீத்தாவும் நட்டுவிடுங்கள். நம்ம ஊர் வெயில் அவற்றுக்குப் பழகிய வெயில்!