ஈரம் உறிஞ்சும் பெட்டியில் நெருப்பு

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த வசதிகள் எண்ணிலடங்கா. ஆனால் அவ்வசதிகளைச் செய்து விற்பவர்கள் உண்மை பேசுபவர்களாகவும் இருக்க வேண்டாமா?

அமெரிக்காவில் பல வீடுகளுக்குத் தரைக்கு அடியில் ஓர் அறை உண்டு. அங்கே ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அதைப் போக்க 'டிஹியுமிடிஃபையர்' என்னும் பெட்டியை வைப்பார்கள். இது நம் ஃபிரிட்ஜுக்கு உறவுதான். ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, உள்ளேயுள்ள குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் நீராகித் தொட்டியில் சொட்டும். தண்ணீர் சேர்க்கும் பெட்டி தீப்பிடிக்கும் என்று யார்தான் நினைப்பார்கள், தோழியரே?

சீனாவின் 'கிரீ' நிறுவனம் செய்த பெட்டிகள் அளவுக்கு மீறிச் சூடேறி, புகைந்து, எரிந்தன. 2013 செப்டம்பரில் அவற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 25 லட்சம் பெட்டிகள்! 2016இல் தீ விபத்துகளின் எண்ணிக்கை 450ஐத் தாண்டியிருந்தது. சொத்து நஷ்டம் 1 கோடியே 90 லட்சம் டாலர்.

இயந்திரம் பழுதாவது சகஜம். என் மனம் கொதிப்பது வேறொன்றுக்கு. ஆபத்தை அறிந்தால் 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2012லேயே தெரிந்தும் பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. தீத்தடுப்பு விதிக்குப் பொருந்தாத பெட்டியைப் பாதுகாப்பு முத்திரையுடன் விற்றதாகவும் அரசு குற்றம் சாட்டியது. 2021இல் அந்நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அமெரிக்காவில் விற்பனையை நடத்திய இருவரை 2023 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் எனக் கண்டது.

வாங்குபவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று சிலர் கூறலாம். எப்படி இருப்பது? இதே பெட்டி கென்மோர், டான்பி, ஃப்ரிஜிடேர் எனப் பன்னிரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. கென்மோர் வாங்கிய ஒரு தாய் 'கிரீ' என்ற பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டாள். 2011க்கும் 2014க்கும் இடையில் செய்த மேலும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவரை அவை வீடுகளில் ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்?

பொதுவாக ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதாது என்பதே என் கருத்து. விற்ற கடைக்காரரே பில் புத்தகத்தைப் புரட்டி, வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத வேண்டும். முகவரி கிடைக்காதாம்! தவணை பாக்கி என்றால் மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.