பொட்டலத்து ஐஸ்கிரீமுக்கு ஒரு வக்காலத்து

வீட்டில் ஐஸ்கிரீம் செய்கிறவர்களுக்குள் இரு வகுப்பார் உண்டு. பாலை நிதானமான தீயில் சுண்டவைத்து, முட்டையின் மஞ்சட்கருவைத் திரிந்துவிடாமல் மெல்லச் சேர்த்து, ஆறவைத்து, அதற்கென்றே வாங்கிய இயந்திரத்தில் இட்டுக் கடைந்தெடுப்பவர்கள் ஒரு வகுப்பார். கடையில் விற்கும் ஜெல்லித் தூளை வெந்நீரில் கரைத்து, பாலும் கிரீமும் சேர்த்து அடித்து, ஃபிரீசரில் வைத்துவிட்டு ஏனைய காரியங்களைப் பார்க்கப் போய்விடுகிறவர்கள் மற்றொரு வகுப்பார். முன்னவர்கள் பின்னவர்களைப் பார்க்கும் பார்வை, கச்சேரி மேடையில் ஆர்மோனியத்தைக் கண்ட பழைய வித்துவானின் பார்வையை ஒத்தது. சுலபமாகக் கைகூடிவிட்டதனாலேயே அது பாகசாஸ்திரத்தில் சேராது என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தில் சாரம் மிகக் குறைவு என்பதும், ஜெல்லிப் பொட்டலத்தின்மீது குற்றம் சொல்ல வேண்டுமானால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

ஐஸ்கிரீமின் சூட்சுமம் பெரும்பாலும் தண்ணீரை அடக்குவதில் இருக்கிறது. பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது உறையும்போது படிகங்களாகிறது. அந்தப் படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிட்டால், எத்தனை ஏலமும் குங்குமப்பூவும் போட்டிருந்தாலும், வாயில் இட்டவுடன் நறநறவென்று தட்டுப்பட்டு உண்பவனின் உற்சாகத்தைக் கெடுத்துவிடும். 1843இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற அம்மையார் காப்புரிமை பெற்ற கைச்சுற்று இயந்திரம் செய்ததெல்லாம் இந்தப் படிகங்களுக்கு வளர அவகாசம் கொடாமல் இருந்ததுதான். வெளியே மரத்தொட்டியில் பனிக்கட்டியும் உப்பும். உள்ளே தகரப் பாத்திரத்தில் பாலும் சர்க்கரையும். பாத்திரத்தின் சுவரில் உறைய உறையச் சுரண்டி நடுவுக்குத் தள்ளும் தகடு. அதைச் சுற்றுவதற்கு வலுவான ஒரு கை. இன்று பெரிய தொழிற்சாலைகளில் ஓடுகிற உருளைகளும் தத்துவத்தில் இதே காரியத்தைத்தான், மின்சாரத்தின் துணையோடும் கண்மூடித் திறக்கும் வேகத்தோடும், செய்கின்றன.

வீட்டு ஃபிரீசரிலோ சுரண்டுவதற்குத் தகடும் இல்லை, வேகமும் இல்லை. பாத்திரம் அசையாமல் பல மணி நேரம் கிடந்து மெதுவாக உறைகிறது. மெதுவாக உறைவது எதுவோ அதில் படிகம் பெரிதாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, நாளுக்கு எத்தனையோ முறை குழந்தைகள் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். மின்சாரம் போகிறது, வருகிறது. ஒவ்வொரு முறையும் சிறு படிகங்கள் இளகி, மறுபடி உறையும்போது பெரிய படிகங்களோடு சேர்ந்துகொள்கின்றன. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வருவதுதான் ஜெலட்டின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள ஒரு புரதத்தைப் பக்குவப்படுத்திப் பிரித்தெடுத்த பொருள் அது. சூட்டில் கரைந்து தனித்தனி இழைகளாக மிதந்து, ஆறும்போது அந்த இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு வலையாகி, தண்ணீரை அதன் கண்ணிகளுக்குள் நிறுத்திவிடுகின்றன. நினைத்த இடத்துக்கு ஓடிச் சேர முடியாத தண்ணீர் பெரிய படிகமாக வளர்வதும் கடினமாகிறது. அதோடு, உடலின் உஷ்ணத்துக்குச் சற்றுக் கீழேயே இளகிவிடும் சுபாவம் அதற்கு இருப்பதால், நாக்கில் பட்ட மாத்திரத்தில் வலை அவிழ்ந்து, பசை என்ற எண்ணமே உண்பவனுக்குத் தோன்றாமல் போய்விடுகிறது. ஐஸ்கிரீம் தயாரிப்பவர்கள் முதன்முதலில் நிலைப்படுத்தியாகக் கைக்கொண்ட பதார்த்தங்களுள் ஜெலட்டின் முக்கியமானது என்பது, இதை மட்டமான குறுக்குவழி என்று எண்ணுகிறவர்கள் நினைவில் வைக்கத் தக்கது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெல்லி என்பது ஒரு காலத்தில் எளியவர்களின் பண்டமாகவே இருக்கவில்லை. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் கன்றின் கால்களை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, கொழுப்பை எடுத்து, முட்டையின் வெண்கருவால் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, பிறகுதான் ஒரு கிண்ணம் ஜெல்லி விருந்து மேசைக்கு வரும். அதற்குப் பணியாட்கள் நிறைந்த சமையற்கட்டு வேண்டும். இந்த நிலைமையை மாற்றியவர்கள் சமையற்காரர்களல்லர். நியூயார்க்கில் பசை தயாரித்துச் செல்வம் சேர்த்த பீட்டர் கூப்பர், அமெரிக்காவின் ஆரம்பகால ரயில் இயந்திரம் ஒன்றைச் செய்து ஓட்டியவரும் பிற்காலத்தில் கூப்பர் யூனியன் என்ற கல்விச்சாலையை நிறுவியவருமான அதே மனிதர், 1845இல் தூளாக்கிய ஜெலட்டினுக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கியவர் அதைப் பெரிய வியாபாரமாக்காமல் விட்டுவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1897இல், நியூயார்க் மாநிலத்து லீராய் என்னும் சிற்றூரில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்த பெர்ல் வெயிட் என்பவர் அந்தத் தூளோடு சர்க்கரையும் பழவாசனையும் நிறமும் கலந்தார். அவர் மனைவி மே அதற்கு ஜெல்லோ என்று பெயர் வைத்தார். விற்கத் தெரியாத வெயிட், இரண்டு ஆண்டுகளில் அதை 450 டாலருக்கு அதே ஊர்க்காரரான ஆரேட்டர் உட்வர்டிடம் கொடுத்துவிட்டார். உட்வர்டுக்கும் முதலில் சரக்கு நகரவில்லை. மனம் வெறுத்து, தம் ஆலையின் மேற்பார்வையாளரிடம் முழு வியாபாரத்தையும் 35 டாலருக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டதாகவும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பிறகு பத்திரிகை விளம்பரங்களும் வீடு வீடாகக் கொடுத்த இலவசச் சமையற் புத்தகங்களும் செய்த வேலையில் ஜெல்லோ அமெரிக்கா முழுவதும் பரவிற்று.

அந்தக் கம்பெனியே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐஸ்கிரீம் தூள் என்றே தனியாக ஒரு பொட்டலத்தையும் விற்றது. ஒரு குவார்ட் பாலில் கலந்து உறையவைத்தால் போதும், முட்டையும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்பது விளம்பரம். பின்னர் 1920களிலும் 1930களிலும் மின்சாரக் குளிர்ப்பெட்டிகள் அந்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் வந்தபோது, பனிக்கட்டி உறையும் தட்டிலேயே ஐஸ்கிரீமையும் உறையவைக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டாயிற்று. கடைவதற்கு வழியில்லாமல் படிகம் பெருத்த ஏமாற்றமும் உடனே உண்டாயிற்று. அதற்கு மருந்தாகத்தான் அக்காலத்து இல்லத்தரசிகள் ஜெலட்டினையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் நாடினார்கள். ஆகையால் இன்று சோம்பேறிகளின் வழி என்று இகழப்படுவது, அன்று ஒரு புதிய சாதனத்தின் குறையைக் கண்டறிந்து, கையிலிருந்த பொருளைக்கொண்டு நிவர்த்தி செய்த புத்திசாலித்தனமே ஆகும்.

வீட்டுப் பொட்டலத்தை இகழ்ந்துவிட்டுக் கடைப்பெட்டியை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை மூக்குக் கண்ணாடி அணிந்து ஒரு தடவை வாசியுங்கள். 412 என்று போட்டிருந்தால் அது குவார் பிசின், அதாவது நம் வீட்டுப் பொரியலுக்கு வரும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுத்த மாவு. 407 என்றால் கடற்பாசிச் சத்தாகிய கராஜீனன். 471 என்றால் கொழுப்பையும் நீரையும் இணக்கி வைப்பதற்காகச் சேர்த்தது. இவற்றில் எதுவும் விஷமன்று, அந்தப் பயத்தைக் கிளப்புவது என் நோக்கமும் அன்று. ஜெலட்டின் வீட்டில் செய்கிற வேலையையே அவை ஆலையில் செய்கின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது. அதோடு, பெட்டியின்மேல் ஐஸ்கிரீம் என்று இருக்கிறதா, ஃபுரோசன் டெசர்ட் என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கொழுப்புக் குறைத்தது என்று தனியே அறிவிக்காத ஐஸ்கிரீமில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஃபுரோசன் டெசர்ட்டில் அந்த ஸ்தானத்தில் தாவர எண்ணெய் வந்து அமர்ந்துகொள்கிறது. வீட்டில் பாலும் கிரீமும் ஊற்றி ஜெல்லித் தூளால் செய்தவள் இந்த விஷயத்தில் அநேகம் கம்பெனிகளைவிட நேர்மையானவள்.

இனி, பொட்டலத்தின் மெய்யான குற்றத்துக்கு வருகிறேன். அதிலுள்ள வாசனையும் நிறமுமே அந்தக் குற்றம். பொட்டலத்தில் பெரும் பங்கு சர்க்கரை. பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே ஜெலட்டின். மிச்சம் புளிப்புக்கு ஓர் அமிலம், நிறத்துக்கு ஒரு சாயம், ஸ்டிராபெரியைப் பார்த்தே இராத ஸ்டிராபெரி வாசனை. வாங்குகிறவர்கள் அந்த வாசனைக்காகவே வாங்குகிறார்கள், முழுப் பொட்டலத்தையும் கொட்டுகிறார்கள். விளைவது குளிர்ந்த மிட்டாய். நமக்கு அதில் வேண்டியதெல்லாம் பசையும், உறைந்த பண்டத்தைக் கல்லாகிவிடாமல் சற்று மிருதுவாக வைக்கும் சர்க்கரையுந்தான். ஆகவே அரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வாசனையை மெய்யான பழத்திடம் விட்டுவிடுவதே உசிதம். பங்கனபள்ளியோ மல்கோவாவோ கிடைக்கிற காலத்தில், ஆரஞ்சு ஜெல்லியில் பாதியும் மாம்பழக் கூழ் இரண்டு கிண்ணமும் சேர்ந்தால், தூளின் புளிப்பு மாம்பழத்தின் திகட்டலை மட்டுப்படுத்தி, தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

செய்முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்; மற்றவை தாமே நடக்கும். முதலாவது, தூளைச் சூடான பாலில் நேரே கொட்டலாகாது. அதிலுள்ள அமிலம் பாலைத் திரித்துவிடக்கூடும். அரைக் கிண்ணம் கொதிநீரில் ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, அதன்பின் குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, இந்தக் கலவையை உடனே ஃபிரீசருக்கு அனுப்பாமல், முதலில் ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, முட்டை வெண்கருவின் பதத்துக்கு அது தளரக் கெட்டியான தருணத்தில் வெளியே எடுத்து, நுரை பொங்கி அளவு பெருகும்வரை அடிக்க வேண்டும். இந்தத் தருணத்தைத் தவறவிடுகிறவர்களே, வந்தது ஐஸ்கிரீம் அல்ல, ஐஸ் என்று புலம்புகிறார்கள். கடையில் ஃபிரஷ் கிரீம் என்று விற்பதில் கொழுப்பு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கே ஆகையால், அதை எவ்வளவு அடித்தாலும் சரியாக நுரைக்காது. ஆனால் பாதி உறைந்த ஜெலட்டின் தானே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலுடையதாதலால், விலையுயர்ந்த கிரீமைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை. நுரைத்த கலவையில் பழக்கூழையும் கிரீமையும் மெல்ல மடித்துக் கலந்து உறையவைத்து, ஓரங்கள் கட்டியானதும் எடுத்து மீண்டும் ஒரு முறை அடித்து வைத்தால், நான்சி ஜான்சன் அம்மையாரின் தகடு செய்ததில் பாதியாவது நடந்துவிடும். பச்சை அன்னாசியையும் பப்பாளியையும் மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. புரதத்தைச் சிதைக்கும் சத்து அவற்றில் இருப்பதால், ஜெலட்டினின் வலையை அவை பின்னவிடாமலே அறுத்துவிடும். சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்ட அன்னாசியானால் ஆட்சேபம் இல்லை.

நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசுகிறவன் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஜெலட்டின் மாம்சத்தைச் சேர்ந்தது. சைவ உணவுக்காரர்களுக்கும், இன்ன விலங்கென்று பார்த்து உண்ணும் முஸ்லிம் அன்பர்களுக்கும் இது சின்ன விஷயமன்று. பொட்டலத்தில் பச்சைக் குறியா பழுப்புக் குறியா என்று பார்த்துவிடலாம். நம் கடைகளில் ஜெல்லி என்று விற்பவற்றுள் பச்சைக் குறியுள்ளவை பல. அவற்றில் பெரும்பாலும் பசை கொடுப்பது முன்னே சொன்ன கராஜீனன் என்ற கடற்பாசிச் சத்து. அந்தச் சத்துக்குப் பாலின் புரதத்தோடு நல்ல இணக்கம் உண்டாதலால், பாலில் செய்கிற ஐஸ்கிரீமுக்கு அது தாராளமாக உதவும். ஆறிய உடனே, ஜெலட்டினைவிட முந்திக்கொண்டு, உறைந்துவிடும் என்பதால் அடிப்பவர் மட்டும் சற்றுச் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.

சைனா கிராஸ் என்று நாம் வாங்குகிற அகரை ஜெலட்டினுக்குப் பதிலாகப் போடலாமே என்று பலர் யோசனை சொல்வார்கள். மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பறித்து வருகிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும், கஞ்சிப் பாசியிலிருந்தும் மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் எடுக்கிறார்கள். அந்த உழைப்பினிடம் எனக்குள்ள மரியாதை பெரிது. என்றாலும் ஐஸ்கிரீமுக்கு அது ஏற்றதன்று. உறைந்து இளகினால் அகர் தன்னிடமுள்ள தண்ணீரைக் கக்கிவிடும். ஜப்பானியர்கள் குளிர்கால இரவுகளில் அகர்க் கட்டிகளை வெளியில் உறையவிட்டு, பகலில் இளகவிட்டு, இப்படியே நீரை வெளியேற்றி உலர்ந்த சரக்காக்கினார்கள் என்றால், அந்தச் சுபாவம் எவ்வளவு உறுதியானது என்பது விளங்கும். மேலும் அகர் இளகுவதற்கு 85 பாகை வெப்பம் வேண்டும். எந்த வாயிலும் அது கிடையாது. வட்டிலில் துண்டு போட்டு உண்ணவும், பாலில் மிதக்கவிடவும் அகர் சிலாக்கியமானது. ஃபிரீசருக்குள் அதற்கு வேலை இல்லை.

வாசனைகளில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு ஆரஞ்சும் எலுமிச்சையுமே. இவை இரண்டும் பழத்தோடு சண்டைக்குப் போகாதவை. ராஸ்பெரியை வாங்கினால், வேறு பழம் எதையும் அருகில் கொண்டுவராமல் அதை மட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம். 1930இல் வெளிவந்த லைம் ஜெல்லியின் பச்சை நிறத்தைக் கண்டு மயங்கிய அமெரிக்கர்கள் அதற்குள் முட்டைக்கோஸையும் காரட்டையும் துருவிப் போட்டு, சாலட் என்று பெயரிட்டு, அதை விருந்தாளிகளுக்கு வைத்தார்கள். அந்தப் பொட்டலத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம்.