வில்லை மாற்றினால் போதுமா?

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் ஒருவன் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைக் குறித்து எழுதப் புகுந்தமை நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். புணரியல் படிப்பவனுக்கும் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். ஆயினும், சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கும், அவ்வழக்கில் யான் அறியாது கூறிய ஒரு தீர்ப்பும் என் உள்ளத்தை விட்டு அகலாமையால் இதனை எழுதத் துணிந்தேன். மாலை வேளையில் நம் கல்லூரி வாயிலில் நிற்கும் வண்டிகளைக் காணுங்கால், இதே வழக்கில் அகப்பட்டோர் நம்முள்ளும் பழைய மாணவருள்ளும் பலர் இருப்பர் எனத் தோன்றுகின்றது.

வழக்கு இதுவாகும். எனது தமையனார் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர். இரண்டாண்டு சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு சிறிய கார் வாங்கினார். அது முன்னரே ஒருவரிடம் ஓடிய வண்டி. வாங்கும்பொழுதே 72,000 கிலோமீட்டர் கடந்திருந்தது. அதனைச் சிறிது தாழ்த்தி, சாலையைத் தழுவி ஓடுமாறு செய்யவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கெனச் செய்யப்பட்ட லோயரிங் ஸ்பிரிங்குகள் நான்கினை வாங்கிப் பெட்டியோடு வீட்டுக்குக் கொணர்ந்துவிட்டார். ஷாக் அப்சார்பர்களையும் உடன் மாற்றவேண்டுமோ என்பதே எழுந்த வினா. கையில் இருந்த பணமோ ஸ்பிரிங்குகளோடு தீர்ந்தது. எந்தையார், "ஒன்றுமே மாற்ற வேண்டாம்" என்றார். அண்ணன் என்னை நோக்கி, "தம்பி, நீ படிக்கிறவன், நீயே சொல்" என்றார். அவர் முகத்தில் இருந்த ஆவலைக் கண்டு, "பழையதே இருக்கட்டும் அண்ணா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யான் சொல்லிவிட்டேன். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. இடுப்பு நோயினால் வாரந்தோறும் அவ்வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவர் அவர் ஒருவரே.

யான் கூறிய தீர்ப்பு எவ்வளவு அறியாமை நிறைந்தது என்பதைப் பின்னரே கற்றுணர்ந்தேன். அதனை ஈண்டு முறைப்பட உரைப்பேன்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில். எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு அது அழுந்தும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் நூலாக வெளியிட்டார். ஆனால் வில்லுக்கு ஓர் இயல்புண்டு: வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். பள்ளத்தில் இறங்கிய வண்டி, வில் ஒன்றே இருப்பின், பிடித்திழுத்துவிட்ட தொட்டிலைப்போல் நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் உண்டு. சிறு துளைகளும் அடைப்பிதழ்களும் உடைய ஒரு பிஸ்டன் அவ்வெண்ணெயினூடே ஏறி இறங்கும். எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு செல்லுகையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறும். அதிர்ச்சியை உண்பது என்னும் பொருளுடைய பெயர் அதற்கு முற்றும் பொருந்துவதன்று. அதிர்ச்சியை ஏற்பது வில். வில்லைத் தணிப்பது இது. டாம்பர் என்று ஆங்கிலேயர் வழங்கும் பெயரே பொருத்தமானது.

தாழ்த்துவதற்குரிய வில் பழையதினும் குட்டையானது. பெரும்பாலும் கடினமும் மிக்கது. இவ்விரண்டு மாற்றங்களும் ஷாக் அப்சார்பரை வெவ்வேறு வகையில் தாக்குகின்றன. இவற்றைப் பிரித்துணராமையே பட்டறைகளிலும் நண்பர் குழாங்களிலும் நிகழும் பூசல்களுக்கெல்லாம் காரணம்.

முதலில் கடினத்தைப் பார்ப்போம். வில்லின் கடினம் 1.3 மடங்கு ஆயிற்று எனக் கொள்க. அதனை முன்போல் அடக்குதற்கு வேண்டிய தணிப்பு 1.3 மடங்கு ஆவதில்லை. அதன் வர்க்கமூலமாகிய 1.14 மடங்கே ஆகின்றது. அஃதாவது நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடுதல். நல்ல நிலையிலுள்ள புதிய ஷாக் அப்சார்பர் இவ்வளவு குறையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே, எந்நிலையிலும் மாற்றியே தீரவேண்டும் என்று வற்புறுத்துவோர் கூற்று முழு உண்மையன்று. விற்பவர் அவ்வாறு கூறின் அதில் வாணிகமும் சிறிது கலந்திருக்கும்.

இனி நீளத்தைப் பார்ப்போம். இதுவே பெரிய இடர். சக்கரம் மேலெழுவதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையில் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்த் தடை இருக்கும். நின்ற நிலையிலிருந்து அத்தடையை முட்டும்வரை 60 மில்லிமீட்டர் இடமிருந்ததென விளக்கத்தின் பொருட்டுக் கொள்வோம். வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் எஞ்சுவது பாதி. வில் ஏற்கும் ஆற்றலோ அழுந்தும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியாகவே ஆற்றல் காற்பங்காகும், கடினம் 1.3 மடங்கு உயர்ந்தமையால் அக்காற்பங்கு 0.325 ஆகும். எனவே, தடையை முட்டாமல் வண்டி முன்பு ஏற்ற குலுக்கலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே இப்பொழுது ஏற்கும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் அந்த 30 மில்லிமீட்டரும் குறையும். அதன்பின் ஒவ்வொரு மேட்டிலும் தடையின்மேல் இடியே மிஞ்சும். அவ்விடி ஷாக் அப்சார்பருக்கும் செல்லும், அமர்ந்திருப்பவர் முதுகெலும்புக்கும் செல்லும்.

எதிர்ப்புறத்திலும் ஓர் இடர் உண்டு. சக்கரம் பள்ளத்தில் முழுதும் தொங்குங்கால், நீண்ட பழைய ஷாக் அப்சார்பரின் நீட்சிக்குக் குட்டையான வில் எட்டாது போகலாம். அப்பொழுது வில் தன் இருக்கையினின்று தளர்ந்து விலகும்; மீண்டும் பாரம் ஏறும்பொழுது சரியாக அமருமென்று உறுதி கூற இயலாது. இக்காரணங்களால்தான் தாழ்த்திய வண்டிக்கெனக் குட்டையான ஷாக் அப்சார்பர்களைத் தனியே செய்கின்றனர். ஜெர்மானியக் கம்பெனியாகிய பில்ஸ்டைன், இயல்பான உயரத்துக்கு பி6 என்றும், தாழ்த்தும் வில்லுக்கு பி8 என்றும் இருவகையாக விற்பது இதனால்தான்.

சிலர் பணத்தை மிச்சப்படுத்தக் கருதி, பழைய வில்லையே அறுத்துக் குட்டையாக்குவர். சுற்றுக்கள் குறைந்தால் வில் கடினமாகும் என்பது உண்மையே. ஆயினும் அறுத்த முனை இருக்கையில் ஒழுங்காக அமராது. நெருப்பினால் அறுத்தாலோ இரும்பின் பதமும் கெடும். இஃது ஒருவர்க்கும் பரிந்துரைக்கத்தக்க வழியன்று.

நிற்க, நம் சாலைகளை மறந்து இவ்வினாவுக்கு விடை கூறல் ஆகாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடைய மெல்லிய வளைவாதல் வேண்டும். நம் ஊர்களில் காணும் மேடுகள் அவ்வளவைப் பின்பற்றுவனவோ என்பதை வண்டியின் கூரையை முட்டிய நம் தலைகள் நன்கறியும். மாருதி சுசூகி ஸ்விஃப்ட் போன்ற ஒரு காருக்குத் தரையினின்று உள்ள இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 30 போயின் எஞ்சுவது 133. ஆட்கள் ஏறியபின் அதுவுமில்லை. தாழ்த்துவோர் இக்கணக்கைத் தம் தெருமுனையில் நின்று போட்டுப் பார்த்தல் நலம்.

சட்டமும் ஒன்றுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. கேரளத்தினின்று சென்ற ஒரு வழக்கில் 2019-இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஆதலின், பெட்டியைத் திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் எழுத்து மூலம் கேட்டுத் தெளிதல் கடமையாகும்.

இனிக் கூலியின் கணக்கு. இக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தில் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு உள்ளது. அமெரிக்க எஞ்சினீயர் ஏர்ல் மக்ஃபெர்சன் வகுத்த இம்முறை, 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களால் பரவலாயிற்று. அதில் வில் ஷாக் அப்சார்பரைச் சூழ்ந்தே நிற்கும். வில்லை மாற்றவேண்டின் முழுவதையும் கழற்றி, கருவியால் வில்லை அழுத்திப் பிரித்தே ஆகவேண்டும். அப்பொழுது ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் கூலி பெரிதும் கூடாது; பின்னர் மாற்றுவோம் என்று விட்டால் அதே கூலியை இருமுறை கொடுக்கவேண்டும். சக்கரங்களின் அலைன்மென்ட்டையும் இருமுறை சரிபார்க்கவேண்டும். பின்சக்கரத்திலோ இவ்விரண்டும் தனித்தனியே இருக்கும் வண்டிகளில் பிறகு மாற்றுவது எளிது. ஆகவே, "பிறகு பார்ப்போம்" என்னும் சொல் பின்புறத்துக்கு ஒருவாறு பொருந்தும், முன்புறத்துக்குப் பொருந்தாது. யானோ முன்பின் அறியாது பொதுப்படக் கூறினேன்.

பட்டறையில் நடந்ததையும் கூறிவிடுகின்றேன். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் முன்பக்கத்து அமைப்பைக் கழற்றி, வில்லைப் பிரித்தெடுத்து, ஷாக் அப்சார்பரின் தண்டினைக் கையால் அழுத்தினார். வாயு அடைத்த வகையாதலின் அது தானே மெல்ல எழுந்து வரவேண்டும். எழவில்லை, அழுந்திய இடத்திலேயே கிடந்தது. அவர் அதனைப் பற்றி இழுத்தபொழுது பாதி வழிவரை ஒரு தடையுமின்றி வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து புழுதி படிந்திருந்தது. "தம்பி, புது ஸ்பிரிங்கை இதோட கட்டினா குதிரை மாதிரி குதிக்கும். அம்மாவை ஏத்திட்டுப் போற வண்டின்னு சொன்னீங்களே" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். யான் தலை கவிழ்ந்தேன்.

அண்ணன் ஸ்பிரிங்குகளைப் பெட்டியிலேயே வைத்து மூடினார். அடுத்த வாரம் அவற்றை ஒரு நண்பருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்து, அப்பணத்தோடு ஒரு திங்கள் சம்பளத்தின் பகுதியையும் சேர்த்து, இயல்பான உயரத்துக்குரிய ஷாக் அப்சார்பர்கள் நான்கினை வாங்கிப் பூட்டினார். எதனை அப்படியே விட்டுவிடலாம் என்றெண்ணினோமோ, அதுவே மாற்றவேண்டியதாயிருந்தது; எதனை மாற்றத் துடித்தோமோ, அது குறையின்றியிருந்தது.

இவற்றால் யான் கொண்ட முடிபு இது. ஷாக் அப்சார்பர்கள் புதியனவாய், தாழ்த்தும் அளவு இருபது மில்லிமீட்டருக்கு உட்பட்டதாய், வில் செய்தவரே பழையவற்றோடு பொருந்தும் எனக் குறித்திருப்பின், அவற்றை வைத்துக்கொள்ளலாம். ரப்பர்த் தடையை மட்டும் அவர் சொன்னபடி திருத்திக்கொள்க. அதனினும் தாழ்த்தின், அதற்கென அமைந்த குட்டையான ஷாக் அப்சார்பர்களையே பூட்டுக. பழையன கசிந்தாலும், தளர்ந்தாலும், பல்லாயிரம் கிலோமீட்டர் உழைத்திருந்தாலும், தாழ்த்தினும் தாழ்த்தாவிடினும் அவற்றை மாற்றுக. அதுவும் ஒரு பக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றாது இணையாக மாற்றுக. இரண்டுக்கும் பணமில்லையேல், பணம் சேருமளவும் காத்திருக்க. பாதி வேலை செய்தல் சிக்கனம் ஆகாது. ஆசை தவறென்று யான் கூறேன். அழகிய வண்டியை விரும்புதல் இளைஞர்க்கு இயல்பே. ஆனால் அவ்வழகின் விலையைப் பின்னிருக்கையில் இருப்பவர் தம் உடம்பால் செலுத்துமாறு செய்தல் தகாது.

எம் வகுப்பில் நாள்தோறும் கற்கும் பாடமும் இதுவே. பொன் என்னும் சொல்லின் பின் மாலை வந்தால் பொன்மாலை. குடம் வந்தால் பொற்குடம். வருமொழி மாறின் நிலைமொழியும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளவேண்டும். இதனைச் சொற்களிடத்துக் கற்ற யான் வண்டியிடத்துக் காணத் தவறினேன்.

விடுமுறை முடியுமுன் ஒருநாள் அன்னையாரோடு யானும் மருத்துவமனைக்குச் சென்றேன். வழக்கமாக ஒவ்வொரு மேட்டிலும் முன்னிருக்கையைப் பற்றிக்கொள்ளும் அவர், அன்று பாதி வழியில் உறங்கிவிட்டார். வண்டி உயரமாகத்தான் இருந்தது. அண்ணன் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பின்னே பார்த்து, வேகத்தை இன்னும் சிறிது குறைத்தார்.