கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரை

பாலசமுத்திரத்துக் கடைத்தெருவிலோ பழனி பேருந்து நிலையத்துப் பக்கத்திலோ உள்ள மருந்துக் கடையில், "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று கேட்பவருக்கு, எத்தனை நாளாக இந்த உபத்திரவம், வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர் என்ற விசாரணை ஏதுமின்றி, அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பதும், பெயர் அச்சிட்ட பாகம் கடையிலேயே தங்கிவிட, பெயரற்ற வெள்ளித் தகடு மட்டும் அவர் சட்டைப்பையில் போய்ச் சேர்வதும் நாம் நித்தியம் காணும் காட்சி. அமிலத்தை அடக்கும் பேன்டோபிரசோலோடு டோம்பெரிடோன் என்ற மற்றொரு மருந்தையும் சேர்த்தே விழுங்குகிறோம் என்பதை இப்படி வாங்குவோரில் பலர் அறியார்.

இந்த டோம்பெரிடோன் சாமானிய வஸ்து அன்று. 1974-ஆம் ஆண்டில் பெல்ஜியத்து யான்சென் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான இம்மருந்து, குமட்டலைத் தணிப்பதோடு இரைப்பையை அசைத்து உணவைக் கீழே இறக்கும் குணமுடையது. அமெரிக்காவில் இது பொது விற்பனைக்கு அங்கீகாரம் பெறவேயில்லை. பிற சிகிச்சைகளுக்கு மசியாத நோயாளிகளுக்கு, அரசின் பிரத்தியேக அனுமதியின் பேரிலேயே அங்கே வழங்கப்பட்டு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றே விதி. ஆனால் விதி புத்தகத்தில் இருக்கிறது, மாத்திரை மேஜைமேல் இருக்கிறது.

அப்படி எளிதில் மசியாத நோய்களில் ஒன்றுதான் கேஸ்ட்ரோபரேசிஸ் எனப்படும் இரைப்பைத் தளர்ச்சி. பல்லாண்டுச் சர்க்கரை வியாதியால் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு நலிந்துபோனவர்களில் சிலருக்கு, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். முந்தின இரவு உண்ட சோற்றுப் பருக்கையும் கீரைத் தண்டும் மறுநாள் காலை வாந்தியில் உருக்குலையாமல் வெளிவரும். இன்சுலின் தன் வேளை தவறாமல் வேலையைத் தொடங்கிவிட, சோறோ குடலுக்கு இறங்காமையால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து தலை சுற்றும், பிறகு வேளை கெட்ட வேளையில் ஏறும். சர்க்கரைக்காரர் எவரைக் கண்டாலும் கம்பு சாப்பிடு, முருங்கைக்காய் சாப்பிடு, ஆயக்குடிக் கொய்யா சாப்பிடு என்று நாம் செய்யும் உபதேசம் இவருக்குத் தலைகீழாகிவிடுகிறது. நாரும் கொழுப்பும் இவர் இரைப்பையில் தேங்கி உபாதையைப் பெருக்குமாதலால், குழைந்த சாதமும் தெளிந்த ரசமும், சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொள்வதே இவருக்குப் பத்தியம். நம் தேசத்தில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருக்க, அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு இது நேர்ந்தாலும் அத்தொகை அற்பமன்று.

பத்தியம் போதாதபோது மருந்தை நாட வேண்டும். மருந்தோ கைவிரலில் எண்ணத்தக்கது. மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் புகுந்து, நாளடைவில் வாயும் நாக்கும் தாமாகவே அசையும் மீளாத கோளாற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று 2009-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. எரித்ரோமைசின் சில வாரங்கள் உதவிவிட்டுச் சோர்ந்துவிடும். மூளைக்குள் அவ்வளவாகப் புகாத டோம்பெரிடோன் அவ்வகையில் மேலானதே ஆயினும், இருதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கும் அபாயம் அதற்கு உண்டு. வயோதிகர்களிடமும், வாந்தியால் பொட்டாசியம் குறைந்தவர்களிடமும், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் போன்றவற்றைக் கூடவே உட்கொள்பவர்களிடமும் அந்த அபாயம் மிகுதி. இதனாலேயே 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை, குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், நாளொன்றுக்கு முப்பது மில்லிகிராமுக்கு மிகாமல், ஒரு வார காலத்துக்கே என்று எல்லை வகுத்தது. ஏப்பத்துக்காக மாதக்கணக்கில் விழுங்கும் நம்மவர்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

இதைத் தடை செய்துவிட்டால் போயிற்று என்று கூறுவோர் கட்சியில் நான் இல்லை. இரைப்பையை அசைக்கும் மற்றொரு மருந்தான சிஸாப்ரைடு, நெஞ்செரிச்சலுக்கெல்லாம் தாராளமாக வழங்கப்பட்டு, இருதயக் கோளாற்றால் சாவுகள் நேர்ந்தபின், அமெரிக்காவில் 2000-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது; இந்தியாவிலும் 2011-இல் தடை செய்யப்பட்டது. நெஞ்செரிச்சல்காரர் வேறொரு மாத்திரைக்கு மாறிக்கொண்டார். இரைப்பை தளர்ந்தவருக்கோ இருந்த வழிகளில் ஒன்று அடைபட்டது. டோம்பெரிடோனையும் நம் அசட்டையால் அந்தக் கதிக்கு ஆளாக்கலாகாது.

ஆகவே, எண்டாஸ்கோப்பியால் வயிற்றில் அடைப்பு இல்லையென்று தெளிந்து, ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துப் பார்த்து, அளவும் காலமும் குறித்து மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நோயாளிக்கு இம்மருந்து தங்குதடையின்றிக் கிடைக்க வேண்டும். சீட்டில்லாமல் கேட்பவருக்குக் கிடைக்கக் கூடாது. ஈ.சி.ஜி. எடுக்கத் திண்டுக்கல் வரை போக வேண்டியதில்லை, பழனி அரசு மருத்துவமனையே போதும். 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர், "சாப்பிட்டது மறுநாள் வரைக்கும் வயித்துலயே நிக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்வதில் கூடுதல் செலவும் ஏதுமில்லை.