பழைய டெம்ப்ளேட்டை அழிக்க முன்னர், அதில் தொங்குபவர்களை எண்ணுங்கள்

அரசாங்கக் காரியங்கள் ஒவ்வொன்றாக ஒன்லைனுக்குப் போகின்றன. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது. டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். ஒரு கையெழுத்துக்காக ராகலையில் பஸ் ஏறி, அன்றைய பேரையும் இழந்து, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பும் பெற்றோரை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். ஆனால் புதியதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பழையதை எப்படிக் கழிப்பது என்று யாரும் பேசுவதில்லை. எங்கள் கவலை அதுதான்.

ஒரு விண்ணப்பம் சேவருக்குள் போனால் முதலில் யாரிடம் போகும், யார் சிபாரிசு செய்வார், யார் ஒப்பமிடுவார் என்று ஒரு வழி போட்டு வைத்திருப்பார்கள். அதுதான் வேர்க்ஃப்ளோ டெம்ப்ளேட். சுற்றுநிருபம் மாறினால் புது டெம்ப்ளேட் வரும், பழையது தரவுத்தளத்திலேயே கிடக்கும். அப்படி நிறையச் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து அழிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நிர்வாகி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒரே ஓட்டத்தில் துடைத்துவிடுவார்.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைக்கு இதிலுள்ள ஆபத்து புரியும். ஒவ்வொரு விண்ணப்பமும் அந்நியச் சாவி மூலம் தன் டெம்ப்ளேட்டைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஒழுங்காகக் கட்டிய தரவுத்தளம், சுட்டும் பதிவு ஒன்று இருக்கும்வரை அழிக்க விடாது. சிலவற்றில் தாய்ப் பதிவை அழித்தால் பிள்ளைப் பதிவுகளும் சேர்ந்து போகும்படி அமைத்திருப்பார்கள். அந்தக் கட்டுப்பாடே இல்லாதவையும் உண்டு. அங்கே விண்ணப்பம் இருக்கும், அது போவதற்கான வழி இருக்காது. "பரிசீலனையில்" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய டெம்ப்ளேட்டில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் யார்? காரியம் முடிந்தவர்கள் அல்ல. எல்லாக் கடதாசியும் கையில் உள்ளவருக்கு இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அலைபவர், தகப்பன் பெயர் சிங்களத்தில் ஒன்றாகவும் தமிழில் வேறாகவும் விழுந்தவர், லயத்து முகவரிக்குக் கடிதம் வந்து சேராதவர், இவர்களுடைய விண்ணப்பங்கள்தான் பாதியில் நிற்கும். கணினிக்கு அவை "நீண்ட காலமாக அசையாத பதிவுகள்". ஸ்கிரிப்ட் முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

பெரிய கம்பனிகளிலேயே இது நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம், அலுவலக வேலைகளை இப்படி வழிப்படுத்தும் ஜிரா மென்பொருளைச் செய்வது. 2022 ஏப்ரல் 5ஆம் திகதி, காலாவதியான ஒரு செயலியை நீக்க ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினார்கள். செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக, வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களுடைய எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அதுவும் மீட்கக்கூடிய முறையில் அல்ல, நிரந்தரமாக அழிக்கும் முறையில். 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் போயின. காப்புப் பிரதி இருந்தது. ஆனாலும் எல்லோரையும் மீட்டு முடிக்க 14 நாட்கள் வரை ஆயிற்று. முழுச் சேவரையும் பின்னுக்குத் திருப்பினால் மற்ற வாடிக்கையாளர்களின் புதிய வேலைகள் அழிந்துவிடுமே!

அப்படியானால் பழையதைத் தொடாமலே விடலாமா? அதுவும் ஆபத்துதான். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணிமீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச். புதுப்பிக்கும் திட்டம் நிதி உட்பட்ட காரணங்களால் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது.

ஆக, அழிக்கத்தான் வேண்டும். முறை தெரிந்து அழிக்க வேண்டும். முதலில் பழைய டெம்ப்ளேட்டில் புது விண்ணப்பம் ஏறாதபடி முடக்குங்கள். உள்ளே பாதியில் நிற்பவற்றைப் புது வழிக்கு மாற்றுங்கள், மாற்ற முடியாதவற்றை ஒரு மனிதர் கையில் கொடுங்கள். காப்புப் பிரதி எடுத்து, அதை வேறொரு சேவரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது. டிலீட் கட்டளைக்கு முன் அதே நிபந்தனையோடு செலெக்ட் ஓட்டி, எத்தனை வரிகள் சிக்குகின்றன என்று எண்ணுங்கள். ஸ்கிரிப்ட் எழுதியவரைத் தவிர இன்னொருவரும் அந்தப் பட்டியலை வாசிக்கட்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து இரண்டு சாட்சிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்வது. கணினிக்காரருக்கும் அது பொருந்தும் என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

இவ்வளவு பயம் தேவையா என்று கொழும்பில் ஒருவர் கேட்கலாம். மலையகத்தில் கேட்கமாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோரிடம் அந்தக் கடதாசி இருக்கவில்லை. அதைச் சீராக்க எத்தனையோ ஒப்பந்தமும் சட்டமும் வந்து, எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை, 55 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று எந்தச் சேவரும் பழுதாகவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாதவர்கள் நாட்டின் கணக்கிலிருந்தே விழுந்தார்கள்.

அதனால் அதிகாரிகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்தப் பழைய முறையையும் மூட முன்னர், அதில் பாதியில் நிற்கும் விண்ணப்பங்களின் இலக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பாடசாலைகளுக்கும் அனுப்புங்கள். லயம் லயமாகப் போய்ச் சொல்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.