கடினப்பட்டவர்கள் யார்?



அவிசுவாசத்தைக் குறித்து எங்கே பிரசங்கம் நடந்தாலும் இருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். ஒருவன், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து வேதத்தைக் குறித்துக் கேள்வி கேட்கும் வாலிபன். மற்றவள், ஜெபித்தும் சுகமடையாத நோயாளி. அவள் படுக்கையருகே நின்று, உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லவும் நம்மில் சிலர் கூசுவதில்லை. இப்பிரசங்கம் வசதியானது, ஆலயத்தில் அமர்ந்து கேட்கும் எவரையும் தொடாது.

எபிரெயர் நிருபம் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து, எச்சரிக்கை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சகோதரருக்கு! சான்றாக நிறுத்தப்படுகிறவர்கள் எகிப்தியரோ கானானியரோ அல்லர். சமுத்திரத்தின் நடுவே நடந்து வந்து, நாற்பது வருஷம் தேவனுடைய செயல்களைக் கண்டவர்கள். மாற்கு சுவிசேஷமும் அப்படியே. இருதயக் கடினத்தைக் கண்டு ஆண்டவர் சினந்து துக்கித்த இடம் ஜெப ஆலயம். சூம்பின கையையுடைய மனுஷன் நடுவே நிற்க, நியாயப்பிரமாணத்தை அறிந்தவர்கள் வாய் திறவாதிருந்தார்கள். 6-ஆம் அதிகாரத்திலோ அதே குற்றச்சாட்டு சீஷர்கள்மேல் விழுகிறது, அப்பத்துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்த அன்று இரவே.

சந்தேகப்பட்ட தோமா தள்ளப்படவில்லை. எட்டு நாளைக்குப் பின் ஆண்டவர் அவனைத் தேடி வந்தார். தன் அவிசுவாசத்தைக் கண்ணீரோடு ஒத்துக்கொண்ட தகப்பனுடைய மகன் சுகமானான். கேள்வி கேட்கிறவனை இனி அவிசுவாசி என்று அழைக்காதிருங்கள். கேட்பதை நிறுத்திவிட்டவனுக்காகவே பயப்படவேண்டும்.

இருதயம் எவ்விதம் கடினப்படுகிறது? கூடலூரில் இதற்கு வியாக்கியான நூல் தேவையில்லை. இரண்டு இலையும் மொட்டுமாயிருக்கும் கொழுந்தை வாரம் பத்து நாளில் பறித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது முற்றிப்போய் நல்ல தேயிலைக்கு உதவாது. வேரில் நோயில்லை, மழையும் குறையவில்லை; நாள் தவறிப்போயிற்று, அவ்வளவே. (கவ்வாத்தைக் குறித்து இன்னொரு வாரம் எழுதுகிறேன், அது வேறு பாடம்.) ஆகையால்தான் நிருபம் இன்று என்னும் சொல்லை விடாமல் பற்றிக்கொள்கிறது.

நம் காரியத்துக்கு வருவோம். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. அதன்படி கடல் கடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் இம்மலைக்கு வந்து டான்டீ தோட்டங்களில் வேலை பெற்றார்கள். நம்மில் பல குடும்பங்களின் பாட்டன் பாட்டிமார் அவர்களே. சிலோன்காரர் என்னும் ஏளனத்தையும், அகதி என்னும் சொல்லின் கசப்பையும் அவர்கள் சுமந்தார்கள். கர்த்தர் எங்களைக் கொண்டுவந்தார் என்று வருஷக் கடைசி ஆராதனையில் சாட்சி சொல்கிறோம். நல்லது. அந்த வாயினாலேயே, ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருப்பவனை இந்திக்காரன் என்று அலட்சியமாய்ப் பேசுகிறோம். பணியர் குடும்பம் ஒன்று ஆராதனைக்கு வந்தால் விலகி உட்காருகிறோம். எகிப்தில் அந்நியராயிருந்தவர்கள் அந்நியனை நேசிக்கவேண்டும் என்ற கட்டளையை நாம் மறுக்கவில்லை. நாளைக்கு என்று வைத்திருக்கிறோம்.

"ஐயா, இது நடக்கையைக் குறித்தது, விசுவாசத்தைக் குறித்ததல்லவே" என்பீர்கள். அதே அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாசியுங்கள். இளைப்பாறுதலில் பிரவேசியாதவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்கிறது ஒன்று; அவர்கள் பிரவேசியாமற்போனதற்குக் காரணம் அவிசுவாசம் என்கிறது அடுத்தது. ஆக்கியோனுக்கு இவ்விரண்டும் ஒரே வியாதி.

மருந்தும் அங்கேயே இருக்கிறது: நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுதல். என் ஞாயிறு பிரசங்கமும் வாரந்தோறும் எழுதும் இத்தியானமும் அதற்கு ஈடாகா. இவ்வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவரையொருவர் கேளுங்கள்: எந்தக் கட்டளையை எத்தனை வருஷமாய்த் தள்ளிவைத்திருக்கிறீர்கள்? அந்தக் கல்லூரி வாலிபனையும் அழையுங்கள். அவன் நம்மிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன.